முதல் மரத்து டராண்டுலா: பிங்க் டோவா, வெர்சிகலரா, கேம்ப்ரிட்ஜியா?

கொஞ்ச நாளா தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு ஒரே கேள்வி வந்துட்டே இருக்கு. "அண்ணே, மரத்துல வாழுற டராண்டுலா (ரோமம் நிறைஞ்ச பெரிய சிலந்தி) ஒண்ணு வாங்கணும், சாதுவா இருக்கணும், விலையும் கையைக் கடிக்கக் கூடாது, அதுவும் கையைக் கடிக்கக் கூடாது, எதை வாங்கலாம்?" எல்லார் லிஸ்ட்லயும் அதே மூணு நாலு பேருதான் இருக்கு, அதுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு வீடியோவா பாத்துட்டு இருக்காங்க. நான் இங்க க்ராய்டன்ல ஒரு ரெண்டு ரூம் ஃப்ளாட்ல ஒன்பது வருஷமா வளர்க்கிறேன், தலைப்புல இருக்குற இந்த மூணையும் வளர்த்திருக்கேன், ஒண்ணைச் சாகவும் அடிச்சிருக்கேன், அதனால எனக்குத் தெரிஞ்சதை ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன். விலையெல்லாம் இங்க இங்கிலாந்துல கடைலயும் கண்காட்சிலயும் நான் பாத்த ரேட், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்.

எதை வெச்சு முடிவு பண்றது

முதல்ல சாதுங்கிற வார்த்தை. இதுல மூணு விஷயம் கலந்து கிடக்கு, கடைக்காரங்க மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புவாங்க. கடிக்குமா, அரிப்பு முடி இருக்கா, எவ்ளோ வேகமா ஓடும். கடிக்கவே கடிக்காத சிலந்தி கூட மூடியைத் திறந்த அரை செகண்ட்ல உங்க தோள்பட்டைல உக்காந்திருக்கலாம், நீங்க பதறிக் கையை உதற, அது தரைல விழுந்து வயிறு கிழிஞ்சு செத்துப் போகலாம், அப்ப சாதுவா இருந்து என்ன புண்ணியம். அப்புறம் சாதுன்னா கைல எடுத்து வெச்சுக் கொஞ்சலாம்னு அர்த்தமே இல்ல. அதுக்கு நீங்க யாருன்னே தெரியாது, சூடா இருக்குற ஒரு மரக்கிளை, அவ்ளோதான். நான் சாதுன்னு சொல்றது தண்ணி வைக்கிறப்ப, குப்பை எடுக்கிறப்ப, வீடு மாத்துறப்ப நம்ம நெஞ்சு எவ்ளோ படபடக்குதுங்கிறதைத்தான்.

ரெண்டாவது மொத்தச் செலவு. குட்டியோட விலை இதுல ரொம்பச் சின்னப் பங்கு, கீழ கணக்கு வரும்.

மூணாவது நாம தப்பு பண்ணா அது தாங்குமா. என்னைக் கேட்டா இதுதான் முதல்ல பாக்க வேண்டியது, ஆனா யாருமே கேக்க மாட்டாங்க. சாதுன்னு பேர் வாங்குன ரெண்டும் (பிங்க் டோ, வெர்சிகலர்) நம்ம தப்பைத் தாங்காது, தப்பைத் தாங்குறது (கேம்ப்ரிட்ஜி) சாது கிடையாது. இந்தக் குழப்பமே இந்த முரண்பாட்டுலதான் நிக்குது.

கடைசியா கண்ணுக்குத் தெரியுமா. காசு குடுத்து வாங்கி, அது ஒளிஞ்சிருக்குற கார்க் மரப்பட்டையை மட்டும் பாத்துட்டு இருக்கணுமான்னு வீட்டுக்காரம்மா கேட்டா பதில் வேணும்ல.

பிங்க் டோ (அவிகுலேரியா அவிகுலேரியா)

கயானா, சுரினாம், பிரேசில்னு தென்னமெரிக்காவோட வடக்குப் பக்கத்து ஆளு. வளர்ந்தா காலை விரிச்சு 12, 13 செ.மீ. வரும், உடம்பு முழுக்கக் கறுப்பு, கால் நுனில மட்டும் நெயில் பாலிஷ் போட்ட மாதிரி ரோஸ். குட்டில அப்படியே தலைகீழ், காலெல்லாம் ரோஸ், நுனி மட்டும் கறுப்பு. சட்டை உரிக்க உரிக்க மாறிட்டே வரும், பாக்க நல்லாருக்கும். 1758லயே லின்னேயஸ் பேர் வெச்ச சிலந்தி இது. அவிகுலேரியாங்கிற பேருல ஒளிஞ்சிருக்கிறது சின்னப் பறவை. மரியா சிபில்லா மெரியன்னு ஒரு ஓவியர் அம்மா அந்தக் காலத்துல கப்பலேறி சுரினாம் வரைக்கும் போய் வரைஞ்சு, 1705ல வெளிவந்த படத்துல, கொய்யாக் கிளைல ஒரு சிலந்தி ஹம்மிங்பேர்டைப் புடிச்சு வெச்சிருக்கும். அந்தப் பெருமையெல்லாம் சரி, நம்ம வீட்டுப் பிங்க் டோ ஒரு பெரிய கிரிக்கெட் பூச்சியைப் பாத்தே பின்வாங்குறதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

குணம்னு பாத்தா இந்த லிஸ்ட்லயே தங்கம். தொந்தரவு பண்ணா முதல்ல நகரும், அப்புறம் ஓடும், அதுக்கப்புறம் குதிக்கும், அதுவும் முடியலன்னா திரும்பி நின்னு பின்பக்கத்தால குறிபார்த்து அடிக்கும். ஆமா, பீய்ச்சி அடிக்கும். நான் ஒருதடவ தண்ணிக் கிண்ணத்தை எடுக்கக் குனிஞ்சப்ப கண்ணாடில சொட்டுனு விழுந்துச்சு, மழைத்தண்ணின்னு நெனச்சுத் தொடச்சேன், அது மழையும் இல்ல தண்ணியும் இல்ல. காஞ்சதும் வெத்தலைச் சுண்ணாம்பு மாதிரி கெட்டியா ஒட்டிக்கும், அக்ரிலிக் சுவர் பூரா புள்ளி புள்ளியா இருக்கும், வாரம் ஒருமுறை ஈரத்துணி வெச்சுத் தேய்ச்சாத்தான் உள்ள என்ன இருக்குன்னே தெரியும். அரிப்பு முடி உண்டு, ஆனா காத்துல உதறாது, உடம்பை நம்ம மேல அழுத்தி ஒட்ட வெக்கும், அதனால கைல எடுக்காத வரைக்கும் பிரச்சனை இல்ல.

விலை: குட்டி 10ல இருந்து 15 பவுண்டு, 4, 5 செ.மீ. வளர்ந்தது 25ல இருந்து 40, பெரிய பொண்ணு 60ல ஆரம்பிச்சு மேல போகும்.

இதுல மறைஞ்சிருக்கிற செலவு ரெண்டு. ஒண்ணு, பெருசா இருந்தும் மலிவா விக்கிறாங்கன்னா அது பெரும்பாலும் காட்டுல புடிச்சு இறக்குமதி பண்ணதா இருக்கும், ஒட்டுண்ணியோட வரும், பயணத்துல வத்திப் போய் வரும், வந்த ஒரு மாசத்துல போயிரும். வளர்க்கிறவங்ககிட்டயே பொரிஞ்சதான்னு கேளுங்க, பதில் இழுத்தாங்கன்னா கிளம்பிருங்க. இன்னொண்ணு பேர் விளையாட்டு. மெட்டாலிக்கான்னு லேபிள் ஒட்டி பத்து பவுண்டு கூட வெச்சு விப்பாங்க, 2017ல வந்த வகைப்பாட்டு ஆய்வுல அதையும் அவிகுலேரியா அவிகுலேரியாவோடயே சேத்துட்டாங்க. நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கு, உங்களுக்குப் புடிச்சா குடுங்க, வேற இனம்னு நெனச்சுக் குடுக்காதீங்க.

வெர்சிகலர் (கரிபேனா வெர்சிகலர்)

எல்லாரும் ஆசைப்படுறது இதுக்குத்தான், தப்பே இல்ல. கரீபியன்ல மார்ட்டினிக் தீவுல மட்டும் இருக்குற இனம். குட்டி பளீர்னு நீலமா பிறக்கும், வளர வளர முதுகு பச்சை, வயிறு சிவப்பு, கால்ல ஊதா ரோமம்னு ஆகிரும், தீபாவளிக்கு எடுத்த பட்டுப்பாவாடை மாதிரி. இதுவும் முன்னாடி அவிகுலேரியாவுலதான் இருந்துச்சு, அதே 2017ல தனியா கரிபேனான்னு பிரிச்சாங்க, பழைய வீடியோவுல பழைய பேர்ல இருந்தா குழம்பாதீங்க.

குணம் பிங்க் டோ மாதிரிதான், கடிக்கிறது அபூர்வம். ஆனா சாது மிரண்டா காடு கொள்ளாதுங்கிற மாதிரி, மிரண்டா குதிக்கிறது இதுக்குக் கொஞ்சம் ஜாஸ்தி, அதோட இந்த இனம் அரிப்பு முடியைக் காத்துலயும் உதறும், வீசிங், ஆஸ்துமா இருக்குற வீட்டுல அதை யோசிச்சுக்கோங்க.

விலை: குட்டி 20ல இருந்து 30 பவுண்டு, வளர்ந்த பொண்ணு 100 தாண்டும்.

இப்ப என் கதை. என்னோட முதல் மரத்து டராண்டுலா வெர்சிகலர் குட்டி, நகத்தளவு, நீலப் பாசிமணி மாதிரி. வாங்குன கடைல ஒரு பேப்பர் குடுத்தாங்க, 80 சதவீதம் ஈரப்பதம் வேணும், தினமும் தண்ணி தெளிக்கணும்னு. நான் நல்ல பிள்ளையா ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடில மட்டும் ஊசியால ஆறு ஓட்டை, காலைலயும் ராத்திரியும் ஸ்ப்ரே. மூணாவது வாரம் கார்க் பட்டைல வெள்ளையா பூஞ்சை, டப்பா திறந்தா மழைக்காலத்துல நனைஞ்ச சாக்கு வாடை, எனக்கு அது காட்டு வாசனைன்னு தோணுச்சு பாருங்க. ஏழாவது வாரம் ஒருநாள் காலைல பாத்தா குட்டி தரைல, எட்டுக் காலும் உள்ள மடங்கி மூடுன கை மாதிரி கிடந்துச்சு. டராண்டுலா செத்துட்டா கால் விரிஞ்சு கிடக்காது, உள்ள ரத்த அழுத்தம் போயிட்டா கால் தன்னால மடங்கிரும். அம்மா திண்டுக்கல்ல இருந்து வீடியோ கால்ல, "அந்தச் சனியனுக்கு நீ தெனம் சோறு வேற போட்டியா"ன்னு ஆரம்பிச்சவங்க, என் மூஞ்சியைப் பாத்துட்டு, "சரி விடுப்பா, உசுருதானே அதுவும்"னு முடிச்சாங்க.

எங்க தப்புன்னா, இந்த ரெண்டு இனமும் மரத்து மேல, காத்து சும்மா வீசிட்டே இருக்குற இடத்துல வாழுறது. ஈரம் வேணும்தான், ஆனா தேங்கி நிக்கிற ஈரம் ஆகாது. திடீர்னு சாகுது, காரணமே தெரியலன்னு இந்த இனங்களுக்கே தனியா ஒரு கெட்ட பேர் உண்டு, அதுல பாதிக்கு மேல காத்தோட்டம் இல்லாத டப்பாதான்னு நான் நம்புறேன். மூடில மட்டும் ஓட்டை போட்டா காத்து ஓடாது. எதிரெதிர் சுவர் ரெண்டுலயும், ஒரு பக்கம் கீழ ஒரு பக்கம் மேலன்னு ஓட்டை இருக்கணும், அப்பதான் குறுக்க ஓடும். நம்ம ஊரு ஓட்டு வீட்டுல முன்வாசலும் கொல்லை வாசலும் நேரா இருக்கும்ல, அந்த ஐடியாதான். ஸ்ப்ரேவைத் தூக்கிப் போடுங்க. ஒரு சின்னத் தண்ணிக் கிண்ணம், மண்ணோட ஒரு மூலைல மட்டும் கொஞ்சம் தண்ணி ஊத்தி, அது நல்லாக் காஞ்சப்புறம் அடுத்த தடவ. குட்டியா இருந்தா வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ வலை மேல சில சொட்டு, குடிச்சுக்கும். அதுக்கப்புறம் வாங்குன வெர்சிகலர் இப்படித்தான் வளர்ந்துச்சு, இப்ப ஆறு வயசு.

இன்னொரு மறைமுகச் செலவு டப்பாவோட கதவு. வெர்சிகலர் மேல்மூடி வரைக்கும் அடர்த்தியா வலை பின்னி அதுக்குள்ள குழாய் மாதிரி வீடு கட்டும். மூடி மேல திறக்குற டப்பான்னா ஒவ்வொரு தடவையும் அதோட வீட்டை நீங்க கிழிக்கிறீங்க. முன்பக்கம் திறக்குற டப்பாதான் வாங்கணும், அது பத்துப் பதினஞ்சு பவுண்டு கூட. பிங்க் டோவுக்கும் இது நல்லதுதான், ஆனா வெர்சிக்கு கட்டாயம்.

கேம்ப்ரிட்ஜி (சால்மோபியஸ் கேம்ப்ரிட்ஜி)

டிரினிடாட் தீவு ஆளு, பாசிப்பச்சையும் பழுப்பும் கலந்த உடம்பு, வயித்துல அம்புக்குறி மாதிரி வரி, 15 செ.மீ.க்கு மேல வளரும். குட்டி எட்டுப் பத்து பவுண்டுக்குக் கிடைக்கும், சரியான கல்லு. ஈரம் கொஞ்சம் கூடுனாலும் குறைஞ்சாலும் தாங்கும், போட்டதைத் தின்னும், மடமடன்னு வளரும். தாங்குற சக்திக்கு மட்டும் மார்க் போட்டா இதுதான் முதல்.

ஆனா சாதுன்னு யாராவது சொன்னா சிரிச்சுருங்க. வேகம்னா வேகம் இல்ல, இங்க இருந்துச்சு, இப்ப அங்க இருக்கு, நடுவுல எதையும் நீங்க பாக்கல. நான் வீடு மாத்துறப்ப குளியல் தொட்டிக்குள்ள வெச்சுத்தான் பண்ணுவேன், தண்ணி போற ஓட்டையை அடைச்சுட்டு. ஒருதடவ பெயிண்ட் பிரஷ்ஷால பின்காலை லேசாத் தொட்டதுதான், கார்க் பட்டையை ஒரு சுத்து சுத்தி, என் கை மேல ஏறி, முழங்கைல இருந்து ஷவர் திரைக்குப் போயிருச்சு, அதை டப்பால கவுத்துப் புடிக்க நாப்பது நிமிஷம், மனைவி வெளிய இருந்து "முடிஞ்சுதா, நான் உள்ள வரணும்"னு கதவைத் தட்டிட்டே இருக்கா.

அரிப்பு முடி கிடையாது, அதுக்குப் பதிலாத்தான் கடி. இதோட விஷம் பத்தி ஒரு சுவாரஸ்யம் இருக்கு. மிளகாயைக் கடிச்சா நாக்கு எரியுதுல்ல, அதுக்கு நரம்புல ஒரு கதவு திறக்குது, இந்தச் சிலந்தியோட விஷத்துல இருக்குற சில புரதங்கள் அதே கதவைத்தான் திறக்குதுன்னு 2006ல கண்டுபிடிச்சாங்க. அந்தக் கதவைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் பரிசும் வந்துச்சு. ஆக குண்டூர் மிளகாயை விரலுக்குள்ள ஊசி போட்ட மாதிரின்னு வெச்சுக்கோங்க. உசுருக்கு ஆபத்துன்னு பயப்பட வேண்டியதில்ல, ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு.

நம்ம ஊரு ஆளையே வாங்கலாமேன்னு கேக்குறவங்களுக்கு

பீசிலோதீரியா, இந்தியா, இலங்கைல மரத்துல வாழுற டராண்டுலா குடும்பம். அதுல ரெகாலிஸ்ங்கிற இனத்தோட குட்டி இங்க மலிவாவே கிடைக்குது, நம்ம இந்தியச் சிலந்திதானேன்னு ஒரு பாசம் வரும், எனக்கும் வந்துச்சு. முதல் சிலந்தியா வேண்டாம். அரிப்பு முடி இல்ல, கேம்ப்ரிட்ஜி அளவு வேகம், விஷம் அதைவிட மோசம், கடிச்சா நாள்கணக்குல தசைப்பிடிப்பு வரும். 2019ல மொத்தப் பீசிலோதீரியாவையும் சைட்டிஸ் (காட்டுயிர் வியாபாரத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியல்ல சேத்துட்டாங்க, நாடு விட்டு நாடு கொண்டுபோக பேப்பர் வேணும். நீலமா இருக்குற, கூட்டிங்கிற ஊர் பேர் வெச்ச சிலந்தி ஆந்திராவுல நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவுல இருக்குற துண்டுக் காட்டுல பொழைச்சிட்டு இருக்கு. ராமேஸ்வரத்துல அனுமன் கோயில் பேர் வெச்சு 2004ல விவரிச்ச ஹனுமவிலாசுமிகா இருக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார்லயும் பாத்திருக்காங்க, அதுவும் அழிவோட விளிம்புல. இதுங்களைப் புளியமரப் பொந்துல பாத்தா போட்டோ எடுத்துட்டு வந்துருங்க.

ஊர்ல இருந்து ஆன்லைன்ல ஆர்டர் போடலாமான்னு கேக்குற தம்பிங்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜூலைல போலந்துல இருந்து வந்த ஒரு பார்சலைச் சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல பிரிச்சாங்க, சின்னச் சின்னக் குப்பிக்குள்ள 107 உயிருள்ள சிலந்தி. இறக்குமதி லைசென்ஸ் இல்ல, திருப்பி போலந்துக்கே அனுப்பச் சொல்லிட்டாங்க. நான் இங்க எழுதுறது எல்லாம் இங்கிலாந்துல வாங்குறவங்களுக்கு. இங்க இந்த மூணுக்கும் ஆபத்தான விலங்குச் சட்ட லைசென்ஸ் தேவையில்ல, ஆனா வாடகை வீடுன்னா ஒப்பந்தத்துல செல்லப்பிராணி பத்தி என்ன போட்டிருக்குன்னு படிச்சுருங்க.

ஒரே பார்வைல

| | பிங்க் டோ | வெர்சிகலர் | கேம்ப்ரிட்ஜி |
|---|---|---|---|
| கடி | ரொம்ப அபூர்வம் | ரொம்ப அபூர்வம் | வாய்ப்பு உண்டு, நல்லா வலிக்கும் |
| அரிப்பு முடி | தொட்டா மட்டும் | தொட்டாலும் உதறினாலும் | இல்ல |
| வேகம் | நடுத்தரம், குதிக்கும் | நடுத்தரம், அதிகமா குதிக்கும் | கண்ணுக்குத் தெரியாது |
| குட்டி விலை (பவுண்டு) | 10–15 | 20–30 | 8–10 |
| தப்பைத் தாங்குமா | குட்டில இல்ல, வளர்ந்தா ஓரளவு | இல்ல | தாங்கும் |
| கண்ணுல படுமா | அடிக்கடி | வலைக்குள்ள, ராத்திரில வெளிய | குட்டில ஒளியும், வளர்ந்தா படும் |

எல்லாத்துக்கும் பொதுவா வர்ற செலவு

சாப்பாடு பெரிய விஷயம் இல்ல, ஒரு டப்பா கிரிக்கெட் பூச்சி மூணு பவுண்டு, ஒரு சிலந்திக்கு அதுல பாதி வீணாத்தான் போகும். டூபியா கரப்பான் வாங்குனா ரொம்ப நாள் வரும், ஆனா அது மண்ணுக்குள்ள போய்ப் புதைஞ்சுக்கும், மரத்துச் சிலந்தி கீழ இறங்கித் தேடாது, அதனால தலையை நசுக்கி வலைல வெக்கணும். ஊர்ல கரப்பானைச் செருப்பால அடிச்சோம், இங்க காசு குடுத்து வாங்குறோம். சாப்பிடாத பூச்சியை மறுநாளே வெளிய எடுங்க, சட்டை உரிக்கிற நேரத்துல சிலந்தி மெத்துன்னு கிடக்கும், அப்ப பூச்சி அதைக் கடிச்சே கொன்னுரும். மண்ணுக்குத் தேங்கா நார்த்தூள் செங்கல் ஒண்ணு மூணு பவுண்டு, பொள்ளாச்சிப் பக்கம் மலை மலையாக் குவிஞ்சு கிடக்குறதுதான். ஹீட்டர் வாங்காதீங்க, நமக்கு ஸ்வெட்டர் இல்லாம உக்கார முடிஞ்சா அதுக்கும் போதும்.

பெரிய மறைமுகச் செலவு ஆணா பொண்ணாங்கிறது. குட்டில சொல்ல முடியாது, உரிச்ச சட்டையை ஈரமாக்கி விரிச்சுப் பாத்தாத்தான் தெரியும். பொண்ணு பத்து வருஷம் கூட இருக்கும், ஆண் ரெண்டு வருஷத்துல முழுசா வளர்ந்து அதுக்கப்புறம் கொஞ்ச காலம்தான். "வளர்ந்த ஆண், மலிவு விலை"ன்னு போட்டிருந்தா அது சில மாசத்துக்கான சிலந்தி.

யாருக்கு எது

முதல்முறை, வீட்டுல சின்னப் பசங்க, பயந்த மனைவி, மாமியார் வருஷம் ஒருமுறை வந்து தங்குவாங்கன்னா பிங்க் டோ, ஆனா குட்டி வாங்காதீங்க, 4, 5 செ.மீ. வளர்ந்ததை வாங்குங்க. 20 பவுண்டு மிச்சம் புடிக்க நகத்தளவு குட்டியை வாங்கி, அதோட ரொம்ப ஆபத்தான ஆறு மாசத்தை நம்ம கத்துக்கிற ஆறு மாசத்தோட சேத்து வெக்கிறதுதான் இதுல பெரிய முட்டாள்தனம், நான் பண்ணது அதான்.

ஏற்கனவே தரைல வாழுற டராண்டுலா ஒண்ணு ரெண்டு வருஷமா வெச்சிருக்கீங்க, தண்ணி எப்ப ஊத்தணும்னு கை பழகிருச்சு, அழகுதான் முக்கியம்னா வெர்சிகலர். நீலத்துல இருந்து சிவப்பு வரைக்கும் அந்த மாற்றத்தைப் பாக்கணும்னுதானே வாங்குறீங்க, அப்ப குட்டியாவே வாங்குங்க, ஆனா குறுக்க காத்து ஓடுற டப்பா ரெடியான அப்புறம் ஆர்டர் போடுங்க.

கைல எடுக்கவே மாட்டேன், பெருசா, பசியா, வளர்றது கண்ணுக்குத் தெரியணும், பட்ஜெட்டும் டைட்டுன்னா கேம்ப்ரிட்ஜி. குளிர்காலத்துல ஊருக்குப் போயிட்டு மூணு வாரம் கழிச்சு வந்தாலும் தண்ணிக் கிண்ணம் பெருசா வெச்சிருந்தா அது பாட்டுக்கு இருக்கும். பசங்க கை எட்டுற அலமாரில மட்டும் வெக்காதீங்க.

100 பவுண்டு கைல இருக்குன்னு வெச்சுப் போன மாசம் ஒரு தம்பிக்கு நான் போட்டுக் குடுத்த கணக்கு இது: 5 செ.மீ. பிங்க் டோ 32, கூரியர் 12, முன்பக்கம் திறக்குற 20க்கு 20க்கு 30 செ.மீ. டப்பா 28, கார்க் குழாய் 6, நார்த்தூள் 3, நீள இடுக்கி 5, பூச்சி 3. மொத்தம் 89. மிச்சம் இருக்குற 11ஐ வெச்சு ஒரு வெர்சிகலர் குட்டிக்கு முன்பணம் கட்டலாமான்னு கேட்டான். ஒரு ட்ரில் பிட் வாங்கி டப்பாவோட ரெண்டு சுவர்லயும் இன்னும் பத்துப் பத்து ஓட்டை போடுடான்னு சொல்லி அனுப்பினேன்.